மாற்றுக் கருத்தும் பாடமாகட்டும்

இந்தோனேசியாவின் சமய அமைச்சகம் 2019 முதல் 'சமய மிதவாத'த்தைப் பெருந்திட்டமாக நடத்திவருகிறது. நாட்டுப்பற்று, சகிப்புத்தன்மை, வன்முறை மறுப்பு, வட்டாரப் பண்பாட்டுக்கு இடம் என்று நான்கு அளவுகோல்கள். 2023இல் அதிபரின் ஆணையும் வந்துவிட்டது. நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் சகிப்புத்தன்மையைத் தனிப்பாடமாக வைத்தால், மாணவன் அதையும் நெட்டுருப் போட்டு எழுதிவிட்டுப் போய்விடுவான். அந்நாட்டு மார்க்கக் கல்வியின் கையில் இதைவிட வலுவான சரக்கு ஏற்கெனவே இருக்கிறது.

அங்கே தங்கி ஓதும் மத்ரஸாக்களுக்குப் பெசந்த்ரென் என்று பெயர். அவற்றில் 'பஹ்துல் மஸாயில்' என்றொரு விவாத அவை கூடும். அன்றாட வாழ்வில் எழுந்த ஒரு மஸ்அலாவை, அதாவது மார்க்கச் சட்டக் கேள்வியை, முன்வைப்பார்கள். மாணவர்கள் அரபுக் கிதாபுகளை விரித்து வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்ற பேச்சு அங்கே எடுபடாது. எந்த இமாம், எந்த நூல் என்று காட்டியாக வேண்டும். எதிர்த்தரப்பும் அப்படியே காட்டும். முடிவு எட்டாவிட்டால் 'மவ்கூஃப்' என்று எழுதி நிறுத்திவைப்பார்கள். வங்கி வட்டியைப் பற்றி விவாதித்த அந்நாட்டின் நஹ்தத்துல் உலமா இயக்கத்தின் ஆலிம்கள் கூடாது, கூடும், ஐயத்துக்குரியது என்ற மூன்று கருத்துகளையும் பதிவுசெய்தார்கள். தன் வாதத்துக்கு எதிரான வாதத்துக்கும் நூலாதாரம் உண்டு என்று இளவயதிலேயே கண்டுகொண்டவன், எதிரே இருப்பவனை எடுத்த எடுப்பில் வழிகெட்டவன் என்று சொல்லிவிட மாட்டான்.

2019இல் மேற்கு ஜாவாவின் பஞ்சார் நகரில் கூடிய அதே இயக்கத்தின் ஆலிம்கள், நாட்டின் பொதுவாழ்வில் முஸ்லிம் அல்லாதவரைக் காஃபிர் என்று குறிக்க வேண்டாம், அவர்களும் சம உரிமையுள்ள குடிமக்களே என்று முடிவெடுத்தார்கள். அதுவும் இத்தகைய விவாத அவையில் பிறந்த முடிவுதான்.

இதை வைத்துப் பெசந்த்ரென்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்துவிட முடியாது. பெசந்த்ரென்கள் நிறைந்த தீவு மதுரா. அங்கே சம்பாங் பகுதியில் 2012இல் ஷியா மக்களின் வீடுகளைக் கொளுத்தி ஊரைவிட்டே விரட்டினார்கள். ஷாஃபி, ஹனஃபி என்ற மத்ஹபுகளுக்கு (சட்டவழிகளுக்கு) இடையிலான வேற்றுமையைப் பொறுத்துப் பழகியவர்கள் நடுவிலும் ஷியாவுக்கு இடமில்லாமல் போயிற்று. விவாத அவையில் இடம் இல்லாதவருக்கு ஊரிலும் இடம் கிடைப்பதில்லை.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. ஜாவாவில் இன்றும் ஓதப்படும் ஷாஃபி சட்டநூலான ஃபத்ஹுல் முயீன், 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் ஜைனுத்தீன் மக்தூம் எழுதியது. நம் காயல்பட்டினமும் கீழக்கரையும் அதே ஷாஃபி வழியில் நடப்பவை. கிதாபு ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்துமார்களிடம் நாம் வேண்டுவது இரண்டு. ஒரு மஸ்அலாவின் தீர்ப்பைச் சொல்லும்போது, அதை மறுத்த இமாமின் காரணத்தையும் அதே மரியாதையோடு சொல்லிக்கொடுங்கள். பிற பிரிவினரையும் பிற சமயத்தாரையும் பற்றிய பாடம் வரும்போது, அவர்களில் ஒருவரையே அழைத்துப் பேசச் சொல்லுங்கள். மாணவர்கள் அவரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்கட்டும்.