எண்ணை வாங்குவதா, அட்டையை வாங்குவதா?

பழைய விளையாட்டு வீரர் அட்டைகளைச் சேர்க்கும் ஆர்வம் நம் விடுதித் தமிழ் மாணவரிடையேயும் பரவிவிட்டது. ஆர்வம் பரவிய இடத்தில் கட்சிகளும் பிறந்துவிட்டன. “தரச் சான்று பெற்ற அட்டையைத்தான் வாங்க வேண்டும், மற்றவை எல்லாம் ஏமாற்று” என்பது ஒரு கட்சி. “சான்று என்பதே பணம் பறிக்கும் வழி, நமக்குக் கண் இல்லையா?” என்பது மறு கட்சி. முதலாண்டு நண்பர்கள் சிலர் உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கூட்டாகப் பணம் போட்டு, 9 என்னும் எண் பெற்ற அட்டை ஒன்றையே வாங்குவது என்று உறுதி பூண்டிருக்கின்றனர். அப்பணம் கைமாறுமுன் என் கருத்தைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சில சொற்கள். சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைத்த அட்டையில் படம் அச்சிட்டு வாடிக்கை தேடினார்கள் அக்காலத்துப் புகையிலை வணிகர்கள். இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 1896-இல் கிரிக்கெட் வீரர் வரிசையை வெளியிட்டது. ஜான் பிளேயர் கம்பெனி 1934-லும் 1938-லும் ஐம்பது ஐம்பது அட்டைகளாகக் கிரிக்கெட் வரிசைகளைத் தந்தது. அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை வெளிவந்த பேஸ்பால் அட்டைகளை டீ-206 என்று குறிப்பர். பின்னாளில் புகையிலையின் இடத்தைச் சூயிங்கம் பிடித்தது. டாப்ஸ் கம்பெனியின் 1952 வரிசை அவ்வகையில் புகழ் பெற்றது.

இவற்றுக்கு விலை ஏற ஏறப் போலிகளும் பெருகின. அப்போது தோன்றியவையே தரமிடும் நிறுவனங்கள். பி.எஸ்.ஏ. 1991-இல் தொடங்கியது, எஸ்.ஜி.சி. 1998-இல் தொடங்கியது. அட்டையை அனுப்பினால் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் அளவு ஆகியவற்றை நோக்கி, 1 முதல் 10 வரை ஓர் எண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடி முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

அந்த உறை நமக்கு இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது. “இவ்வட்டை மெய்யானது, வெட்டவோ வண்ணம் தீட்டவோ படாதது” என்பது முதலாவது. “இதன் நிலை பத்துக்கு இத்தனை” என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் இரு கட்சியாரும் செய்யும் பிழை. முதலாவதற்கு விலை கொடுக்கலாம். இரண்டாவதற்குக் கொடுக்கும் விலையில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பதே என் துணிபு.

நம் அன்னையர் நகை வாங்கும் முறையைப் பாருங்கள். 916 என்ற முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்க்கின்றனர். ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்பதற்கு அது சான்று. அவ்வளவுதான். சங்கிலியின் வேலைப்பாடு அழகா, கழுத்துக்குப் பொருந்துமா என்று முத்திரையிடம் கேட்பதில்லை; கையிலெடுத்துத் தாமே பார்க்கின்றனர். பொன்னுக்குச் சான்று, அழகுக்குக் கண். அட்டைக்கும் இதுவே முறை.

மெய்ச் சான்றின் தேவையை நான் மறுக்கவில்லை. மழுங்கிய மூலையை ஒரு நூலளவு வெட்டிக் கூராக்கினால் பழைய அட்டை புத்தம் புதிதாகத் தோன்றும். படத்தில் பார்த்து வாங்குபவர் அதை அறிய வழியில்லை. ஆகவே, விலை மிகுந்த அட்டையை முன்பின் அறியாதவரிடமிருந்து வாங்குவோர் சான்றின்றி வாங்குவது அறியாமை.

ஆனால் அச்சான்றும் தெய்வ வாக்கன்று. டீ-206 வரிசையில் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அரியது. அவற்றுள் ஒன்றை வேய்ன் கிரெட்ஸ்கி என்னும் பனி ஹாக்கி வீரர், கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 1991-இல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் அட்டை அதுவே. பெற்ற எண் 8. 2007-இல் அது 28 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. முன்பு அதைக் கைமாற்றி விற்றவரான பில் மாஸ்ட்ரோ என்னும் ஏலக்காரர், மோசடி வழக்கொன்றில் 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அவ்வட்டையின் விளிம்பைத் தாம் வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். முதல் அட்டைக்கே இக்கதி! சான்று ஐயத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

இனி எண்ணுக்கு வருவோம். நான் இயற்பியல் பயில்பவன். ஆய்வகத்தில் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்தால், எத்தனை முறை அளந்தாய், பிழை எவ்வளவு என்று ஆசிரியர் கேட்பார். பிழையளவு இல்லாத எண்ணை அவர் ஏற்பதில்லை. அட்டையின் எண்ணுக்குப் பிழையளவு எங்கே? உறையை உடைத்து, அதே அட்டையை மீண்டும் அனுப்பி, உயர்ந்த எண் வாங்க முயல்வோர் அமெரிக்காவில் ஏராளம். அம்முயற்சி சில வேளை பலிக்கிறது என்பதே, அந்த எண் மனிதக் கண்ணின் மதிப்பீடு என்பதற்குப் போதிய சான்று. ஆனால் சந்தையோ அரை எண்ணுக்கும் அள்ளிக் கொடுக்கிறது. மிக்கி மேண்டிலின் 1952 டாப்ஸ் அட்டைகளுள் 9 எண் பெற்ற ஒன்று 2021-இல் 52 லட்சம் டாலருக்கு விற்றது, 9.5 பெற்ற வேறொன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. நிறுவனமும் ஆண்டும் வேறுதான். எனினும் அந்த அரை எண்ணின் கவர்ச்சியை மறுக்க முடியுமா? இதில் ஒரு வேடிக்கை: அந்த 9.5 அட்டையை அதன் உரிமையாளர் 1991-இல் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கியிருந்தார். அதற்கு அந்த எண்ணை வழங்கிய எஸ்.ஜி.சி. அன்று பிறக்கவே இல்லை!

“விற்கும்போது எண்தானே விலை தரும்?” என்று நண்பர்கள் கேட்பர். உண்மை. ஆனால் அந்த விலையை வாங்கும்போதே கொடுத்துவிடுகிறோம் என்பதையும் மறக்கலாகாது. விற்பதற்கென்றே வாங்குவது வணிகம், அதில் இழிவில்லை. ஆனால் வணிகத்துக்குப் போட வேண்டியது இழந்தால் தாங்கக்கூடிய முதல்; மூன்று மாத மெஸ் கட்டணம் அன்று.

நம் நிலைக்கு ஏற்றது எது? 1934, 1938 பிளேயர் வரிசைகளில் பிராட்மன் போன்ற பெரும்பெயர்களை விடுத்தால் மற்ற அட்டைகள் எளிய விலைக்கே கிடைக்கின்றன. அவற்றைக் கடல் கடந்து அனுப்பித் தரமிடச் செய்தால், அட்டையின் விலையை அஞ்சற் செலவும் கட்டணமும் விழுங்கிவிடும். இங்கே நம் கண்ணே சான்று. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது; காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பாராமல் ஓட்டி வருவார் உண்டோ?

பார்க்கும் வழிகளும் எளியவை. சிகரெட்டு அட்டையின் அளவு ஏறத்தாழ 68-க்கு 36 மில்லிமீட்டர். அதே வரிசையின் மற்ற அட்டைகளோடு ஒப்பிட, ஓர் அட்டை குறைந்தால் வெட்டப்பட்டதோ என்று ஐயுறுக. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியில் எழுத்துகளை நோக்குக; மூல அச்சில் எழுத்து ஒரே மையாக நிற்கும், படம் பிடித்து அச்சிட்ட போலியில் எழுத்தே புள்ளி புள்ளியாகச் சிதறும். புற ஊதா விளக்கின்கீழ் வைத்துப் பார்க்க. இன்றைய வெண்தாளில் சேரும் ஒளிர்பொருள் 1930-களின் தாளில் இல்லை. 1934 அட்டை நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது மூலமன்று. ஒளிராவிட்டால் மெய் என்றும் முடிவு கட்டிவிடலாகாது; பழைய தாளில் அச்சிட்ட போலியும் உண்டு.

கூட்டாகப் பணம் போட்ட நண்பர்களுக்கு என் சொல் இதுதான்: சான்றுள்ள அட்டையையே வாங்குங்கள்; ஆனால் 9 வேண்டாம். அதே வீரர், அதே ஆண்டு, 4 அல்லது 5 எண் பெற்றதைத் தேடுங்கள். மெய்யென்னும் வாக்குறுதி அதற்கும் உண்டு. மூலை சற்று மழுங்கியிருக்கும். யாரோ ஒரு சிறுவன் அதைக் கையில் வைத்து மகிழ்ந்திருக்கிறான் என்று கொள்ளுங்கள். மிஞ்சும் பணத்தில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறிய புற ஊதா விளக்கும் வாங்கி நம் மன்ற அறையில் வையுங்கள். சனிக்கிழமை மாலைதோறும் அட்டைகளை அங்கே கொண்டு வருவோம். எண்ணை மறைத்துவிட்டு அட்டையைப் பார்க்கக் கற்போம்.