தரைக்கு வியர்க்குமா?



ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் நம்மில் பலர் வீட்டுத் தரை சில்லிட்டுப் போகும். இரவில் விரித்த பாயைக் காலையில் சுருட்டினால் அடியில் ஈரம். "தரை ஓதம் காக்குது, மண்ணு அப்படி" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கட்டிலில் படுப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. தரையில் படுக்கும் பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும்தான் கஷ்டம். சிவில் படிக்கிற நாமும் "மண்ணு அப்படி" என்று கை விரிக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து.

காங்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் உண்டு. 50 கிலோ சிமெண்ட் மூட்டை இறுக ஏறக்குறைய 19 லிட்டர் தண்ணீர் போதும். வேலை ஓடுவதற்காக 25 லிட்டர் வரை போகலாம். அதற்குமேல் குடம் குடமாக ஊற்றினால் மிச்சத் தண்ணீர் இருந்த இடமெல்லாம் துளை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அதன் வழியே மண்ணின் ஈரம் ஏறும். கூடவே உப்பும் வந்து வெள்ளையாய்ப் பூக்கும்.

மேலே பெயிண்ட் அடித்தால் உரியும். டைல்ஸ் ஒட்டினால் கொஞ்ச நாளில் 'டொக் டொக்' என்று சத்தம் வரும். வியாதி கீழே, மருந்து மேலே!

தடுப்பு கஷ்டமில்லை. மண்ணை இறுக இடித்து, ஜல்லி பரப்பி, அதன்மேல் கனமான பாலிதீன் ஷீட்டை ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, பிறகு காங்கிரீட் போட வேண்டும். சுவருக்கு டி.பி.சி. போடுகிறோமே, தரை என்ன பாவம் செய்தது? கலவையில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கியூரிங்கைக் குறைக்கச் சொன்னதாக அர்த்தமில்லை. அது குறைந்தது 7 நாள் வேண்டும். அப்புறம் நன்றாக உலரவிட்டுத்தான் டைல்ஸ்.

கட்டி முடிந்த வீடா? ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் கீழேயிருந்து வருகிறது. மேலே மட்டும் இருந்தால் காற்றின் ஈரம். வெளிக்காற்று உலர்ந்திருக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் குறையும்.

எங்கள் வீட்டில் டிப்ளமோ படிக்க வந்தது நான்தான் முதல். அப்பா கொத்தனார். ஓதம் வந்தால் பழி அவர் மாதிரி ஆட்கள் தலையில்தான் விழுகிறது. எஸ்டிமேட்டில் இல்லாத ஷீட்டை அவர் எங்கிருந்து விரிப்பார்? தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்ல சைட்டில் யார் இருந்தார்கள்?

நாளைக்கு அந்த எஸ்டிமேட்டை எழுதப் போவதும், சைட்டில் நிற்கப் போவதும் நாம்தான். அந்த ஒரு வரியை விடாமல் எழுதுவோம், நண்பர்களே!