வைகறை வீதியும் நிழற்படமும்

சூரிய உதயத்தைப் படமெடுப்பது எளிது. வெண்ணாற்றுக் கரையிலோ ஒரு வயல் வரப்பிலோ நின்றால் போதும், கதிரவன் தானே வந்து நிற்பான். ஆனால் உதய வேளையில் ஊரின் வீதியைப் படமெடுப்பது அப்படியல்ல என்பது எங்கள் கருத்து.

நம் தஞ்சையையே எடுத்துக்கொள்வோம். மேல வீதியும் கீழ வீதியும் ஏறக்குறைய தெற்கு வடக்காகச் செல்வதால், வீடுகளின் தலைக்கு மேல் வெயில் ஏறிய பிறகே தெருவில் ஒளி விழுகிறது. தெற்கு வீதியில் கிழக்கு நோக்கி நின்றால் தெருக்கோடியிலேயே கதிரவனைக் காணலாமே என்பீர்கள். மார்ச் 21, செப்டம்பர் 23 தேதிகளை ஒட்டித்தான் அது நடக்கும். மார்கழியில் அவன் தெற்கே 24 பாகை அளவுக்கு விலகிவிடுவான்; வடசாரி வீடுகளின் முகப்பில்தான் பொன்வெயில் படும். நம் பகுதியில் கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறுவதால், இருள் பிரிவதற்கும் வெயில் வருவதற்கும் இடையே அரை மணி நேரங்கூடக் கிடைப்பதில்லை.

அந்தச் சிறு பொழுதில் வானம் வெளுத்திருக்கும், தெரு இருண்டிருக்கும். நம் கண் இரண்டையும் ஒருசேரப் பார்த்துவிடுகிறது, காமிராவால் இயலாது. வானத்துக்கு அளவு வைத்தால் தெரு கரியாகிவிடும். தெருவுக்கு வைத்தால் வானம் வெள்ளைத்தாள். விடியல் ஒளியில் கோலமாவு நீலம் பாரிக்கும். வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தாலோ, பால்காரரின் சைக்கிள் அதன்மேல் ஏறிப் போயிருக்கும்!

இதைவிடப் பெரிய தொல்லையோடு வேலை செய்தவர் ஒருவர் உண்டு. 1858-ல் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக காப்டன் லின்னேயஸ் டிரைப் தஞ்சைக்கு வந்தார். மெழுகு பூசிய காகிதமே அவருக்கு நெகடிவ். பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வியக்க வேண்டிய உழைப்பு! ஆனால் அவருடைய படங்கள் பலவற்றில் ஆள் நடமாட்டமே இல்லை. ஊர் காலியாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. காகிதத்தில் உருவம் பதிய நெடுநேரம் பிடித்தது. நடந்து போனவர்கள் பதியாமலே போனார்கள். மேகமும் பதியாததால் அதை நெகடிவில் கையால் தீட்டிச் சேர்த்தார்.

டிரைப்புக்கு அது வேறு வழியில்லாத நிலை. இன்று கைப்பேசியில் ஒரு விரல் தொட்டால் மின்கம்பியும் மறைகிறது, மனிதரும் மறைகிறார். தெரு “சுத்தமாக” வரவேண்டுமாம். அந்தத் தெருவைச் சுத்தம் செய்தவரே விடியுமுன் துடைப்பத்தோடு வந்த மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்தானே! அவரை அழித்துவிட்டுச் சுத்தத்தை மட்டும் வைத்துக்கொள்வதை எங்களால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் அவரைப் படத்தில் சேர்க்கலாமா? இங்குதான் உண்மையான சிக்கல். எதிர்வெயிலில் முகம் தெரியாது, ஆகையால் கேட்க வேண்டியதில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். முகம் தெரியாவிட்டாலும் ஆள் அவர்தானே. கலைந்த தலையும் பழைய சேலையுமாகக் குனிந்து கோலமிடும் அம்மா, முன்பின் தெரியாதவரின் கைப்பேசிக்குள் புகுவதை விரும்புவாரா? பெண்பிள்ளைகளாகிய நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முன்கூட்டிக் கேட்டால் அவர் முந்தானையைச் சரிசெய்து விறைப்பாக நிற்பார், கோலம் பாதியில் நிற்கும், ஒளியும் போய்விடும். அந்த இழப்பு உண்மைதான், மறுக்கவில்லை.

எங்கள் முடிவு இதுதான்: எடுத்தவுடன் அருகே சென்று, படத்தைக் காட்டிக் கேட்பது, அவர் வேண்டாமென்றால் அவர் கண்முன்னேயே அழிப்பது. மார்கழியில் காமிராவோடு புறப்படும் தோழியர் பத்து நிமிடம் முன்னதாகவே போய், நின்று, வணக்கம் சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது. அவர் மறுத்தாலும், அனுமதி பெற்றுக் கோலத்தையாவது எடுக்கலாம், பால் சைக்கிள் வருமுன்.