கடைக்கு 3 மணி நேரம். கோபுரத்துக்கு 1 நிமிடம்!

சீனாவுக்குப் போய் வந்தேன். தனியாக அல்ல, கூட்டமாக. மொத்தம் 28 பேர். 7 நாளில் 4 ஊர் காட்டுவதாக ஏற்பாடு.

7 நாள் கதையையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். அது சியான் நகரில் கழித்த நாள்.

சியான் லேசுப்பட்ட ஊர் அல்ல. பழைய காலத்தில் அதன் பெயர் சாங்கான். தாங் வம்சத்து அரசர்கள் அங்கே இருந்துதான் சீனாவை ஆண்டார்கள். அப்படிப்பட்ட ஊரைப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல்!

காலை 8 மணிக்கு பஸ் புறப்பட்டது. களிமண் வீரர்களைப் பார்க்கப் போகிறோம் என்று எல்லோருக்கும் ஒரே உற்சாகம். முக்கால் மணி நேரம் ஓடிய பஸ் ஓரிடத்தில் நின்றது. இறங்கிப் பார்த்தால், அது ஒரு கடை!

"தொழிற்சாலை" என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். உள்ளே 2 பேர் மண் பிசைந்துகொண்டு இருந்தார்கள். மற்ற இடம் முழுவதும் பொம்மை விற்பனை. விரல் அளவு வீரனும் உண்டு; ஆள் உயர வீரனும் உண்டு. அங்கே ஒன்றே கால் மணி நேரம் போயிற்று.

கிணறு வெட்டப் படை கிளம்பியது

பிறகுதான் உண்மையான வீரர்களைப் பார்த்தோம்.

1974-ம் ஆண்டு மார்ச் மாதம். அந்தப் பக்கத்து விவசாயிகள் தண்ணீருக்காகக் கிணறு வெட்டினார்கள். மண்ணுக்குள் இருந்து மனித உருவத்தின் துண்டுகள் வந்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே ஒரு படையே கிளம்பிவிட்டது!

அது சின் ஷி ஹுவாங் என்ற சக்கரவர்த்தியின் படை. கி.மு. 221-ல் சீனா முழுவதையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்தவர் அவர். செத்த பிறகும் தமக்குக் காவல் வேண்டும் என்று இந்த மண் வீரர்களைச் செய்து புதைக்கச் சொன்னார்.

முதல் குழியின் நீளம் 230 மீட்டர். அகலம் 62 மீட்டர். 3 குழிகளிலும் சேர்த்து சுமார் 8,000 உருவங்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டு இருக்கிறார்கள். பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது.

முகங்களைப் பார்க்க வேண்டும்! ஒருவனுக்கு மீசை, இன்னொருவனுக்குக் குறுந்தாடி. ஒருவன் கோபக்காரன். பக்கத்தில் நிற்பவன் வீட்டு நினைப்பில் இருப்பவன் போலத் தெரிகிறான். தோண்டியபோது இவர்கள் உடைந்து நொறுங்கிக் கிடந்தார்கள். துண்டு துண்டாக ஒட்டித்தான் நிறுத்தி இருக்கிறார்கள். முதலில் இவர்களுக்கு வண்ணம் பூசப்பட்டிருந்தது. வெளிக்காற்றுப் பட்டதும் அது உரிந்துவிட்டது. மீதியை அவசரப்பட்டுத் தோண்டாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழிகாட்டி கொடியை ஆட்டினார். ஒன்றரை மணி நேரம் முடிந்துவிட்டதாம். இரண்டாவது குழி, மூன்றாவது குழி இரண்டையும் நாங்கள் பார்க்கவே இல்லை.

சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். சியானில் சாம்பார் கிடைத்தது!

பட்டு இழுத்த கதை

சாப்பிட்டதும் பட்டுக் கடை. 4 பெண்கள் ஒரு மேஜையைச் சுற்றி நின்று, கூட்டில் இருந்து எடுத்த பட்டைப் பஞ்சு போல நாலு மூலைக்கும் இழுத்தார்கள். எங்களையும் இழுக்கச் சொன்னார்கள். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே போகும் வழி, போர்வை விற்கும் கூடத்தின் வழியாக இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம்.

எங்களோடு ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். பென்ஷன் பணத்தில் சேர்த்துவைத்த பயணம். அவர் கடைக்குள் வரவில்லை, வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கோபுரத்துக்கு நேரம் இருக்குமா?" என்று என்னை 2 தடவை கேட்டார்.

அவர் கேட்டது பெரிய காட்டு வாத்துக் கோபுரத்தை. யுவான் சுவாங்கைப் பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இந்தியா முழுவதும் சுற்றியவர். நம் காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதிவைத்தவர். 645-ல் அவர் ஊர் திரும்பியபோது 657 நூல்களைச் சுமந்து சென்றார். அந்தச் சுவடிகளைக் காப்பதற்காக 652-ல் கட்டப்பட்டதுதான் இந்தக் கோபுரம். இன்று 7 அடுக்கு. 64 மீட்டர் உயரம்.

பஸ் அந்தப் பக்கம் போனது. நிற்கவில்லை. "வலது பக்கம் பாருங்கள்" என்றார் வழிகாட்டி. வாத்தியார் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். அவர் எழுந்து வருவதற்குள் ஒரு பெரிய கட்டடம் மறைத்துவிட்டது.

30 வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியவர் அவர்!

யார் குற்றம்?

வழிகாட்டிப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பிழைப்பு கடைக் கமிஷனில் ஓடுகிறது. குறைந்த கட்டணத்தில் ஆள் சேர்க்கிறார்கள். கட்டணத்தில் விட்டதைக் கடையில் பிடிக்கிறார்கள்.

இதைத் தடுக்கச் சீனாவிலேயே சட்டம் இருக்கிறது. 2013 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. நியாயமில்லாத மலிவு விலையில் ஆளைக் கூட்டிவந்து, கடையில் தரகு வாங்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஆனால் பயணிகள் ஒப்புக்கொண்டால் கடைக்கு அழைத்துப் போகலாம். நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தோம்! கையெழுத்துப் போட்ட தாளில், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் அது இருந்தது. 28 பேரில் ஒருவரும் படிக்கவில்லை. நானும்தான்.

கடை கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்று இரவு மணிக்கூண்டுக்குப் பக்கத்துக் கடைத் தெருவில் நாங்களாகவே சுற்றினோம். பேரம் பேசினோம். வாத்தியார் மனைவி பேத்திக்கு ஒரு விசிறி வாங்கினார். அது சந்தோஷம். பகல் வெளிச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போர்வை விற்பது வேறு.

நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எத்தனை ஊர், எத்தனை இடம்?" என்றுதான் கேட்கிறோம். "எத்தனை மணி நேரம்?" என்று கேட்பதில்லை. பட்டியலில் எங்களுக்கு 5 இடம் போட்டிருந்தார்கள். பஸ் ஜன்னலில் பார்த்த கோபுரமும் அதில் ஒன்று! எந்த இடத்தில் எவ்வளவு நேரம், கடை எத்தனை, அதற்கு நேரம் எவ்வளவு என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். 4 ஊருக்குப் பதில் 2 ஊர் போதும். சியானின் பழைய கோட்டைச் சுவர் நகரைச் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் மேல் சைக்கிள் விடலாம். எங்களுக்கு அங்கே 20 நிமிடம் கொடுத்தார்கள். படி ஏறி இறங்கவே சரியாகப் போயிற்று.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பட்டுப் போர்வையை நானும் ஒன்று வாங்கினேன். பீரோவில் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அதை யார் போர்த்திக்கொள்வது?