14-க்கும் 20-க்கும் நடுவே

விற்பனையாளர்கள் பதிந்த பில்களை வணிகருக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை மாதந்தோறும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி இணையதளத்தில் வந்துவிடும். மாதத் தாக்கல் செய்பவர்கள் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி வரிப் படிவத்தைப் போட்டாக வேண்டும். இடைப்பட்ட நாள்களில் ஆடிட்டர் அலுவலகங்களில் தலையாய வேலை, வணிகரின் கொள்முதல் பதிவேட்டை அந்த அறிக்கையோடு பில் பில்லாக ஒத்துப் பார்ப்பது. 2022 ஜனவரி 1 முதல், 2பி-யில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கண் தவறினால் நட்டம் வணிகருக்கு.

பி.காம். முடித்து வேலைக்குச் சேரும் பிள்ளையின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் இதுதான். எக்செல் சான்றிதழ் இருக்கும், வி-லுக்கப் போடவும் தெரியும். ஆனால் பதிவேட்டில் ‘45’ என்றும் அறிக்கையில் ‘0045/24-25’ என்றும் இருக்கும் ஒரே பில்லை அந்தச் சூத்திரம் சேர்த்து வைக்காது. பில் எண்களை முதலில் சீராக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணையும் தொகையையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். அந்த 15 இலக்க எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண் என்று அறிந்தவர், தட்டச்சுப் பிழையைச் சட்டென்று பிடித்துவிடுவார். தமிழ்நாட்டுக் கடைக்கு, 33-இல் தொடங்கும் எண்ணுள்ள விற்பனையாளர் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டியைப் போட்டிருந்தால் நின்று விசாரிப்பார். வரி தெரியாமல் இங்கே கணினி உதவாது. கணினி தெரியாமல் வரியும் உதவாது. நாமோ வரியை ஒரு தாளாகவும் எக்செலை ஒரு சான்றிதழ் வகுப்பாகவும் பிரித்தே நடத்துகிறோம்.

2022 மார்ச்சில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது, வரவேற்கிறோம். ஆனால் சொந்தப் பாடத்துக்குள் கணினியைக் கொண்டுவருவது துறை ஆசிரியரின் வேலை. அதை வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் செய்ய முடியாது.

பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் உண்டு. அதில் ஒரு பங்கைப் பிழைகள் மலிந்த ஒரு பதிவேட்டுக்கு ஒதுக்கலாம். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தும் பயிற்சித்தாள் எதையும் சோதிப்பதில்லை. பொருந்தாத பில் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை மாணவரே எழுதட்டும், விற்பனையாளருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலையும் எழுதட்டும். ரெக்கார்டு நோட்டின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம்.

இப்படி எழுதிய விடைகளைத் திருத்த நேரம் பிடிக்கும். நிர்வாகங்கள் அந்த நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும், கௌரவ விரிவுரையாளர்களுக்கும்தான்.

உள்ளூர் ஆடிட்டர்களிடம் கேட்டு, பெயர்களையும் எண்களையும் மாற்றிய பழைய பதிவேடுகளைக் கொண்டு பயிற்சி தயாரிக்கும் துறைகள் அதை எங்களுக்கு அனுப்பலாம். மற்றக் கல்லூரிகளும் எடுத்தாளும்படி இவ்விதழில் வெளியிடுவோம்.