ஆட்டுக்கல் சத்தமும் சேர்த்துத்தான்

கம்பத்திலிருந்து தேனிக்குத் தனியார் பஸ்ஸில் ஐம்பது வருஷமாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். டிரைவர்கள் மாறினார்கள், ஆடியோ செட்டு மாறியது, பாட்டு மட்டும் மாறவில்லை. பண்ணைப்புரத்துக்காரர் பாட்டுத்தான். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது நான் உத்தமபாளையம் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். அப்போது இது மதுரை மாவட்டம். எந்த டீக்கடைக்குப் போனாலும் ‘நம்ம பக்கத்து ஆளு’ என்ற பேச்சுதான். புதுச்சேரியிலிருந்து வேலைக்கு வந்த எனக்கும் அந்தப் பெருமையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

போன மாதம் அதே ரூட்டில் அதே பாட்டுகளைக் கேட்டேன். முதல் பாட்டு பளிச்சென்றுதான் இருந்தது. சின்னமனூர் வருவதற்குள் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது. “எல்லாம் ரீமாஸ்டர் பண்ணுனது சார், கம்ப்யூட்டர்ல கிளீன் பண்ணிருக்காங்க” என்றார் கண்டக்டர். அந்தக் கிளீன் பண்ணும் வேலையைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

மாஸ்டரிங் என்பது என்ன? பாடகர், வயலின், தபேலா எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து முடித்த பிறகு, தட்டுக்கோ கேசட்டுக்கோ அனுப்பும் முன் கடைசியாக ஒருவர் உட்கார்ந்து சரிபார்ப்பது. ஆபீஸ் பாஷையில் சொன்னால், டிராஃப்ட் அப்ரூவ் ஆன பிறகு ஃபேர் காபி எடுப்பது. அதிகாரி எழுதியதை மாற்றக்கூடாது. ஆனால் எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், மார்ஜின் சரியாக இருக்க வேண்டும். இசைத்தட்டுக் காலத்தில் அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. பேஸ் அதிகமானால் தட்டில் வெட்டும் பள்ளம் அகலமாகி அடுத்த பள்ளத்தில் இடிக்கும், ஊசி துள்ளும். அதனால் அளவோடுதான் வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. 1982-ல் வந்த சி.டி.யில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறார்கள். எண்ணாகிவிட்டால் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். இப்படிக் கணக்குப் போட்டு ஒலியைத் திருத்துவதற்குப் பெயர்தான் டிஜிட்டல் சிக்னல் பிராசசிங். ‘லிமிட்டர்’ என்று ஒரு கருவி இருக்கிறது. அடுத்து வரப்போகும் தபேலா அடியைச் சில மில்லி நொடி முன்னாலேயே பார்த்து, உயரமான இடத்தை அமுக்கிவிடும். உயரம் அமுங்கினால் மொத்தத்தையும் தூக்கலாம். இப்படித் தூக்கித் தூக்கி, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. ஒவ்வொரு ஃபைலிலும் ‘அவசரம்’ சீட்டு கட்டினால் அந்தச் சீட்டுக்கு என்ன மரியாதை?

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சத்தப் போட்டியால் இப்போது லாபமும் கிடையாது. காதுக்கு எவ்வளவு உரப்பாகக் கேட்கிறது என்று அளக்க 2006-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு முறை வகுத்தது. யூடியூப் போன்ற இடங்களில் அந்த மாதிரி அளவை வைத்து, அதிகம் கத்தும் பாட்டைத் தானாகவே குறைத்துவிடுகிறார்கள். சத்தம் குறைந்துவிடும். அமுக்கப்பட்ட தபேலா அடி மட்டும் திரும்பி வராது.

இரைச்சலை நீக்கும் கணக்கு வேறு. அதன் அடிப்படையைப் போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஜோசப் ஃபூரியே. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன், அவரும் ஒரு அரசு ஊழியர்தான். தையல்காரர் மகன். நெப்போலியன் அவரை கிரெனோபிளில் ‘பிரெஃபே’ ஆக உட்காரவைத்தார், நம் கணக்கில் கலெக்டர். சதுப்பு நிலத்தை வடிக்கும் வேலைக்கும் மற்ற ஃபைல்களுக்கும் நடுவே, வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். 1822-ல் புத்தகமாகப் போட்டார். எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பது அதில் வந்த யோசனை. 1965-ல் கூலி, டூக்கி என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதைக் கம்ப்யூட்டரில் வெகு வேகமாகச் செய்ய வழி காட்டினார்கள். பாட்டில்லாத இடத்தில் இருக்கும் ‘உஸ்ஸ்’ சத்தத்தைப் பிரித்துப் பார்த்து, அதே அளவைப் பாட்டு முழுவதும் கழித்துக்கொண்டே போவதுதான் வேலை. கழிக்கும்போது அதே உயரத்தில் இருக்கும் மூச்சும், ‘ச’ உச்சரிப்பும், தம்பூராவின் கடைசி இழையும் சேர்ந்து போய்விடும். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குமிழியிடும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கேசட். 1983-ல் சின்னமனூர் வீட்டில் என் மாமியார் என் மகளைத் தூளியில் போட்டுத் தாலாட்டுப் பாடியதை, ஒரு சின்ன மோனோ டேப் ரெக்கார்டரில் பிடித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அதை ஒரு கடையில் கொடுத்தேன். தம்பி மரியாதையான பையன். “சுத்தமா எடுத்துத் தர்றேன் அய்யா” என்றான். பென் டிரைவைப் போட்டுக் கேட்டேன். உஸ்ஸ் சத்தம் அறவே இல்லை. கீழே ஓடிக்கொண்டிருந்த கடகடப்பும் இல்லை. “பின்னாடி ஏதோ மோட்டார் ஓடுச்சு, அதையும் கட் பண்ணிட்டேன்” என்றான் சந்தோஷமாக.

அது மோட்டார் இல்லை, ஆட்டுக்கல். பின்கட்டில் என் மனைவி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை சிணுங்கும்போது கல் நிற்கும், அடங்கியதும் மறுபடி ஓடும். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் குரல் எதிலும் பதிவாகவில்லை. டேப் ரெக்கார்டரை எடுத்தாலே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. எது பாட்டு, எது இரைச்சல் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

நல்ல வேளை, கேசட்டை மறக்காமல் வாங்கி வந்தேன். பிறகு கோவையில் படிக்கும் பேரன் வந்தபோது பழைய டெக்கில் போட்டான். முதலில் அவன் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினான். ஹெட் நாடாவுக்கு நேராக நின்றதும், அத்தனை நாள் மங்கலாக இருந்த மாமியார் குரல் வாசற்படியில் நின்று பாடுவது போலக் கேட்டது. எந்தக் கணக்கும் இதைக் கொடுத்திருக்காது, நாடாவிலிருந்து எடுக்காத ஒலியைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து கொண்டுவரும்? அதன் பிறகுதான் உஸ்ஸ் சத்தத்தை லேசாகக் குறைத்தான், டெக்கின் கரண்ட் ரீங்காரத்தை மட்டும் குறிபார்த்து எடுத்தான். “கல்லு சத்தம் இருக்கட்டுமா தாத்தா?” என்று கேட்டுக்கொண்டான்.

அதனால் டிஜிட்டலே மோசம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாட்டு ‘ஓ கிளேர் தெ லா லூன்’. புகைக்கரி பூசிய காகிதத்தில் அதே பாட்டை 1860-ல் பாரிசில் ஸ்கோட் தெ மார்த்தென்வீல் என்பவர் கோடுகளாகப் பதித்திருந்தார். திரும்பக் கேட்க அவரிடம் கருவி கிடையாது. 2008-ல் அந்தக் கோடுகளைப் படம்பிடித்து, அமெரிக்காவில் கம்ப்யூட்டரில் ஒலியாக்கினார்கள். முதலில் ஏதோ சிறுமியின் குரல் என்றார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் வேகத்தை இரட்டிப்பாக வைத்துவிட்டார்களாம். பாதியாக்கியதும் ஒரு ஆண் மெதுவாகப் பாடும் குரல் வந்தது, ஸ்கோட்டே பாடியதாக இருக்கும் என்றார்கள். காகிதம் பத்திரமாக இருந்ததால் தப்பைத் திருத்த முடிந்தது.

பண்ணைப்புரத்துக்காரர் பாட்டுகளின் பழைய நாடாக்களுக்கும் இதையே சொல்வேன். எத்தனை முறை வேண்டுமானாலும் ரீமாஸ்டர் பண்ணட்டும். ஆனால் திருத்தாத முதல் பிரதி ஒன்று தனியாக இருக்க வேண்டும், என்னென்ன எடுத்தோம் என்ற குறிப்பும் கூடவே வேண்டும். எங்கள் ரெக்கார்ட் ரூமில் எல். டிஸ். கட்டுக்கு ஒரு வருஷம், டி. டிஸ். கட்டுக்குப் பத்து வருஷம் ஆயுள். ஆர். டிஸ். கட்டை எந்தத் தாசில்தார் வந்தாலும் அழிக்க முடியாது.

பேரன் முதலில் எடுத்த, எதுவும் செய்யாத பதிவுக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டான். ‘ஆர். டிஸ்.’ என்று போடச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் போட்டுவிட்டான்.