தேயாத ரயரும் பழுதாகும்



இந்த மாதம் மோட்டார் சைக்கிள் ரயரைப் பற்றி எழுதப் போகிறேன். சமூகவியல் படித்துவிட்டு, வீடு வீடாகச் சென்று பெண்களோடு பேசுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு ரயரில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். இதை எனக்குக் கற்றுத் தந்தவை இரண்டு. ஒன்று, நான் வீதியில் விழுந்தது. மற்றது, கராஜில் வேலை செய்யும் ஒரு தம்பியின் பொறுமை.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு அக்காவின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். போர் முடிந்து, முகாமில் இருந்து, பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பி வந்த குடும்பம். கணவர் உடம்பில் செல் துண்டுகளோடு கூலி வேலை செய்தவர். 2014இல் இறந்துபோனார். அவருடைய மோட்டார் சைக்கிள் தாழ்வாரத்தில் தறப்பாளால் மூடியபடி பதினொரு வருடம் நின்றது. அக்காவுக்கு அதை விற்க மனம் வரவில்லை. வறுமை வந்த நாட்களிலும் விற்கவில்லை.

இப்போது மூத்த மகளுக்கு 9 கிலோமீற்றர் தொலைவில் முன்பள்ளி ஆசிரியையாக வேலை கிடைத்திருக்கிறது. சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டாள். தகப்பனின் மோட்டார் சைக்கிளைக் கழுவி, எண்ணெய் மாற்றி, பற்றரி மாற்றி, முற்றத்தில் இரண்டு சுற்று ஓடியும் பார்த்திருக்கிறாள். நான் போன நேரம் அக்கா பெருமையோடு காட்டினார்.

“ரயரைப் பாருங்கோ தங்கச்சி, கொஞ்சமும் தேயேல்ல. அவர் சாகிறதுக்கு முந்தின மாசம் இரண்டும் புதுசாப் போட்டவர். காத்தும் இறங்கேல்ல. அந்தச் செலவாவது மிச்சம்.”

உண்மைதான். மேலே பள்ளக்கோடுகள் ஆழமாக இருந்தன. மொட்டையான ரயர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான் முன் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து இருந்துகொண்டேன். ஏன் என்பதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் ஓடுவது 2019இல் வாங்கிய ஒரு பழைய ஸ்கூட்டர். விற்றவர் “ரயர் எல்லாம் நல்ல ரயர்” என்றார். நானும் பார்த்தேன், கறுப்பாகப் பளபளத்தது. பின் ரயர் கெதியாகத் தேயும். ஆகவே அதை இரண்டு தரம் மாற்றினேன். முன் ரயர் தேயவில்லை, மாற்றவும் இல்லை. 2023 ஒக்ரோபரில் மாரியின் முதல் மழை பெய்த ஒரு பின்னேரம், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் தருமபுரத்துக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். முன் சில்லு சறுக்கியது. வலது மணிக்கட்டு உடைந்து ஆறு கிழமை மாக்கட்டு.

ரயர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வீதி நனைந்திருந்தது. நான் பயந்து பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினேன். ஆனால் ஸ்கூட்டரைத் திருத்திய தம்பி முன் ரயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்கங்களை விரலால் தொட்டுக் காட்டினான். 3510.

“இது என்ன தெரியுமா மிஸ்? 2010ஆம் ஆண்டு 35ஆவது கிழமை செய்த ரயர். பதின்மூன்று வயசு. இறப்பர் கல்லுப் போல ஆகிட்டுது. தேயாமல் இருந்ததுக்கும் அதுவும் ஒரு காரணம். கல்லுக்கு ஈர வீதியில் பிடிப்பு இருக்குமா?”

எனக்கு மாதச் சம்பளமும் லீவும் இருந்தன. அன்றன்று உழைத்து அன்றன்று அடுப்பு எரிக்கும் ஒரு சகோதரிக்கு ஆறு கிழமை கை கட்டுப்பட்டால் அந்த வீட்டின் நிலை என்ன? தையல் மெசினை யார் மிதிப்பது, யார் துணி பிடிப்பது? அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரயர் ஓடினால்தான் பழுதாகும் என்று நாங்கள் நினைக்கிறோம். அது பாதி உண்மை. கொப்பிகளைக் கட்டி வைத்த இறப்பர் வளையத்தை அலுமாரிக்குள் இருந்து நாலைந்து வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள். இழுத்தவுடன் அறுந்துவிடும். யாரும் பாவிக்கவில்லை, ஆனாலும் இற்றுவிட்டது. காற்றில் உள்ள ஒட்சிசனும் ஓசோனும் இறப்பரைத் தாக்குகின்றன. வெயிலும் வெப்பமும் அதை விரைவாக்குகின்றன. எங்கள் வன்னி வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ரயர் செய்யும்போதே அதைக் காப்பதற்காக மெழுகு போன்ற பொருட்களைக் கலக்கிறார்கள். வண்டி ஓடி ரயர் வளைந்து நிமிரும்போது அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து ஒரு படலமாக நின்று காக்கும். ஓடாமல் நின்றால் அந்தக் காப்பு குறைந்துவிடும். ஆகவே மூடி வைத்த வண்டியின் ரயர் புதிதாகவே இருக்கும் என்று எண்ணக்கூடாது.

இனி, உங்கள் ரயரை நீங்களே எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலாவது, வயது. ரயரின் பக்கப்புறத்தில் பல எழுத்துகள் இருக்கும். அவற்றுள் நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண், பெரும்பாலும் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும். ஒரு பக்கத்தில் காணாவிட்டால் மற்றப் பக்கத்திலும் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் கிழமை, கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. 1422 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 14ஆவது கிழமை, அதாவது ஏப்ரல் மாதத் தொடக்கம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் செய்த ரயர். அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

ஐந்து வருடம் கடந்த ரயரை வருடத்துக்கு ஒரு முறையாவது தொழில் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும் என்றும், பத்து வருடம் ஆனால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்றும் ரயர் செய்யும் பெரிய நிறுவனங்கள் பல சொல்கின்றன. பத்து வருடம் என்பது கடைசி எல்லை. அதுவரை கட்டாயம் உழைக்கும் என்ற உத்தரவாதம் அல்ல. இரண்டு சில்லில் ஓடும் நாங்கள் அந்த எல்லை வரை காத்திருக்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, வெடிப்பு. ஒரு பழந்துணியால் மண்ணைத் துடைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பக்கப்புறத்திலும் பள்ளக்கோடுகளின் அடியிலும் பாருங்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்து, பக்கப்புறத்தை விரலால் அமத்தினால் மறைந்திருக்கும் வெடிப்பு வாய் திறக்கும். தலைமயிர் போன்ற மெல்லிய கோடுகள் மட்டும் இருந்தால் ரயர் முதுமை அடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கராஜில் காட்டிக் கேளுங்கள். நகம் உள்ளே போகுமளவு வெடிப்பு, உள்ளே நூல் தெரிதல், பக்கத்தில் கொப்பளம் போன்ற வீக்கம், இவற்றுள் எது இருந்தாலும் அன்றோடு அந்த ரயரில் ஓட வேண்டாம். கடைக்குப் போவதற்கும் வேண்டாம்.

மூன்றாவது, தேய்வு. பள்ளக்கோடுகளுக்குள் ஆங்காங்கே சிறிய மேடு வைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பதை ரயரின் பக்கத்தில் ஒரு சிறு முக்கோணமோ, ரி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ காட்டும். ரயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. மழைத் தண்ணீர் ஒதுங்கிப் போக அதில் வழி இல்லை.

நான்காவது, காற்று. குறைந்த காற்றோடு ஓடினால் ரயர் அதிகமாக வளைந்து சூடேறும். சூடு உள்ளே இருக்கும் நூலைப் பழுதாக்கும். அது வெளியே தெரியாது. எவ்வளவு காற்று என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும், சில வண்டிகளில் ஒட்டியும் இருப்பார்கள். கிழமைக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், அளந்து அடியுங்கள். கையால் அமத்திப் பார்த்தால் சரியாகத் தெரியாது.

பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழையவையே கைமாறிக் கைமாறி ஓடின. 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளும் உண்டு. ஆகவே மீற்றரில் குறைந்த கிலோமீற்றர் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொலிஷ் பூசினால் எந்த ரயரும் பளபளக்கும், மெல்லிய வெடிப்பும் மறையும். இலக்கத்தை வாசியுங்கள். ரயர் பழையது என்றால் அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

கராஜுக்குத் தனியே போகக் கூச்சமாக இருந்தால் இருவராகப் போங்கள். “இது உங்களுக்கு விளங்காது அக்கா” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான்கு இலக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டினால் அவர்களுடைய பேச்சு மாறும். இதை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது அந்த அக்காவின் வீட்டுக்குத் திரும்புவோம். முன் ரயரில் இருந்த எண் 4613. பின் ரயரிலும் அதுவே. 2013 நவம்பரில் செய்தவை. நான் போனபோது பதினொன்றரை வருடம். காற்றில்லாமல் ஒரே இடத்தில் நின்றதால் அடியில் மடிந்திருந்த இடத்தில் பக்கப்புறம் வெடித்திருந்தது. மகளின் விரலைப் பிடித்து அந்த வெடிப்பில் வைத்தேன். அவள் தாயைப் பார்த்தாள்.

அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவர் தன்ரை கையாலை போட்டது தங்கச்சி” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. என் மணிக்கட்டைக் காட்டினேன். இப்போதும் சரியாக மடங்காது. “அவர் இருந்திருந்தால் மகளை இந்த ரயரில் விட்டிருப்பாரா அக்கா?” என்று மட்டும் கேட்டேன். அவர் உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

அடுத்த சிக்கல் காசு. கையில் இருந்தது ஒரு ரயருக்கு மட்டும்தான். முன்னதை மட்டும் மாற்றுவோமா என்று மகள் கேட்டாள். இரண்டுமே வெடித்தவை, ஒன்றை மாற்றி மற்றதில் ஓடுவது சரியில்லை என்று கராஜில் சொன்னார்கள். சங்கத்துச் சீட்டு அக்காவின் முறைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் மகள் துவிச்சக்கரவண்டியில் பிரதான வீதி வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் சென்றாள். விடிய ஐந்து மணிக்கே எழும்ப வேண்டியிருந்தது. அவள் முணுமுணுத்தாள்தான். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. ஓகஸ்ட் கடைசியில் இரண்டு ரயரும் இரண்டு ரியூபும் புதிதாகப் போட்டார்கள். போடுவதற்கு முன் கடையில் நின்று மகளே இலக்கத்தை வாசித்திருக்கிறாள். கடையில் நெடுங்காலம் கிடந்த ரயரும் பழைய ரயர்தான். ரயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். புது ரயர் முதலில் கொஞ்சம் வழுக்கும். முதல் 150 கிலோமீற்றர் வரை மெதுவாக ஓடுங்கள்.

எல்லோருக்கும் சீட்டு இருக்காது. ஒரு நாளைக்கு 20 ரூபா ஒதுக்கினால் மாதம் 600, வருடத்துக்கு 7,200. ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். ரயருக்கென்று ஒரு காசு இருந்தால், “இன்னும் கொஞ்சம் ஓடட்டும்” என்று மனம் சொல்லும் நாளில் அது கை கொடுக்கும்.

கழற்றிய ரயரை வளவுக்குள் போட வேண்டாம். மாரியில் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அக்கா ஒரு ரயரைக் கொடுத்தார். மற்றதை நீளமாக வெட்டி, தண்ணீர் நில்லாதபடி தட்டையாக்கி, ஆட்டுக் கொட்டில் படலைக்குக் கீலாக ஆணி அடித்திருக்கிறார். போன முறை போனபோது கண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று பின்னேரம் வெயில் தணிந்ததும் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து அந்த நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒரு துண்டில் எழுதி அனுமதிப்பத்திரத்தோடு வையுங்கள். உங்களுக்கு வண்டி இல்லாவிட்டால், உங்களைப் பின்னால் ஏற்றிச் செல்லும் மகனுடைய, தம்பியுடைய, பக்கத்து வீட்டுத் தங்கச்சியுடைய வண்டியில் பாருங்கள். நீங்கள் கண்ட எண்ணை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.